அழிக்க அழிக்க வந்த வைரஸ்

சௌந்தர்யா: அப்பா, மவுசத் தொடாதீங்க! ஸ்கேன் இன்னும் முடியல.

மயில்சாமி: தொடல அம்மிணி... சும்மா தூசி தொடச்சேன்.

சௌந்தர்யா: போன வாரந்தான் ஆன்டிவைரஸ் போட்டு மொத்தமும் அழிச்சு உட்டேன். மறுபடி பாருங்க, கோழித்தீவன பில்லு போடப் போனா ஒரு பொம்பள வந்து ஆடறா!

மயில்சாமி: நல்லாத்தான் ஆடறா...

சௌந்தர்யா: அப்பா!

மயில்சாமி: சரி, சரி. இந்த வைத்தியமெல்லாம் உனக்குப் போன்ல ஆரு சொல்லித் தர்றா?

சௌந்தர்யா: அக்சிலியாதானுங்க. எங்கூடக் காலேஜ்ல படிச்ச சேலத்துப் புள்ள.

மயில்சாமி: புள்ளைக்குக் கொரல் அம்புட்டுக் கட்டையாவா இருக்கும்?

சௌந்தர்யா: அது... சளிங்கப்பா.

மயில்சாமி: மாசக்கணக்காவா?

சௌந்தர்யா: இருங்க, இருங்க... புடிச்சிருச்சு! சேஃப் மோடுல மாட்டிக்கிச்சு திருட்டு நாயி. எதுல ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னா... 'இலவச ஜாதகப் பொருத்தம்'. அப்பா, இத ஆரு டவுன்லோடு பண்ணுனா?

மயில்சாமி: தானா... வந்திருக்கும்.

சௌந்தர்யா: நான் அழிக்க அழிக்க நீங்க எறக்கிட்டே இருந்தீங்களா!

மயில்சாமி: பாதிப் பொருத்தம் வர்றப்பவே அந்த ஆடறவ வந்துடறா சாமி. மிச்சத்தப் பாக்கோணுமில்ல?

சௌந்தர்யா: ஆருக்குப் பொருத்தம்?

மயில்சாமி: உனக்குத்தான்.

சௌந்தர்யா: என்னைய ஒரு வார்த்த கேக்காமயா? அந்த எடப்பாடித் தறிக்காரப் பையனா? எனக்கு வேண்டாங்கப்பா. மீறிப் பேசுனீங்க... சோத்தத் தொட மாட்டேன்.

மயில்சாமி: அட, அழுவாத கண்ணு. அந்தப் பையனில்ல.

சௌந்தர்யா: அப்பறம் ஆரு?

மயில்சாமி: சொன்னா சிரிப்ப.

சௌந்தர்யா: நான் சிரிக்கற நெலமையிலயா இருக்கேன்? சொல்லுங்க!

மயில்சாமி: அவிங்க ஊட்டுல ஜாதகமே எழுதறதில்லையாம். அதான் நேராச் சேலம் போனேன். சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்த அக்சிலியாவோட அம்மாவ வாசல்லயே நிறுத்தி, 'ஏனுங்க மரியபுஷ்பம், உங்க மூத்த பையன் பிரான்சிஸ் எத்தன மணிக்குப் பொறந்தாப்ல?'ன்னு கேட்டேன். அந்தம்மா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுப்போட்டுத்தான் நேரஞ் சொன்னாங்க. பொருத்தம் கெடக்குது உடு, நாயித்துக்கெழம எல்லாரும் பேசி முடிக்க நம்மூட்டுக்கு வாராங்க. அந்த வைரச மட்டும் கொஞ்சம் மிச்சம் வெய்யி அம்மிணி... சளிப் புடிச்ச மாப்பிள்ள வந்து சும்மா உக்காந்திருக்க வேண்டாம் பாரு.