சுத்தமான காற்றில் பிடிக்கவும்

பொருள்களோடு வரும் விளக்கத் தாளை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. நான் படிப்பேன். தண்ணீரில் போடாதே, குழந்தை கையில் கொடுக்காதே என்று முதல் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் படிப்பேன். முப்பத்தோரு வருஷம் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன், அந்தப் பழக்கம் லேசில் போகாது. உங்கள் சுவர்க் கடிகாரம்கூட மூன்று நிமிஷம் முன்னால் ஓடுகிறது. பேச்சு முடிந்ததும் ஏறி நிற்க ஒரு நாற்காலி கொடுத்தால் சரிசெய்து தருகிறேன்.

காரைப் பற்றித்தானே முதலில் கேட்டீர்கள், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கார் என் மாப்பிள்ளையுடையது. மூன்று கை மாறி வந்த பழைய வண்டி. பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். அதற்காக அவர் ஒரு கிட் வரவழைத்தார், உதிரிகளை நாமே ஈயம் உருக்கி, சால்டர் வைத்துச் சேர்க்கிற வகை. ஆக்ஸிஜன் சென்சார் கன்ட்ரோலர் என்று பெயர். பயப்படாதீர்கள், விஷயம் எளிதுதான். கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றைப் புகைக்குழாயில் பொருத்துவார்கள். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அது பார்த்துச் சொல்லும். அதிகம் மிச்சமிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கன்ட்ரோலர் அதைக் கேட்டுக்கொண்டு என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஓட்டுகிறவர் முன்னால் ஒரு பச்சை விளக்கு எரியும்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். ஆனால் கைவேலை சுத்தமாக வராது. முதல் நாளே சால்டரிங் அயர்னைத் தப்பான பக்கம் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டார். பாப்பா சிரித்தாள். பாப்பா என் மகள், இருபத்தெட்டு வயது, நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாமா, இது என் கைக்கு அடங்காது. நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க. நீங்க பண்ணினா நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"கண்ணைத் திறந்தே ஓட்டுங்க மாப்பிள்ளை" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

அப்போது அவர்கள் என் வீட்டு மாடியில் இருந்தார்கள். அந்த வாரம்தான் பதினொரு மணி நேரப் பயணத் தொலைவில் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். பாப்பா அதை என்னிடம் சொல்லும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்களும் அப்பப்ப வந்து இருங்கப்பா" என்றாள். வந்து இருங்கள் என்று விருந்தாளியிடம்தானே சொல்வார்கள்.

என் மனைவி இரண்டு நாள் என்று சொல்லித் தன் தங்கை வீட்டுக்குப் போனவள். ஒன்பது வருஷம் ஆகிறது. அதனால் இரண்டு நாள், நாலு நாள், அப்பப்ப என்கிற வார்த்தைகளை நான் நம்புவதில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அந்த வீட்டில் தனியாக இருக்கப் பயம். அறுபத்திரண்டு வயது ஆம்பளை அதைப் போய் யாரிடம் சொல்வது?

இதற்கு முன்னாலும் ஒருமுறை இப்படி ஆனது. பாப்பா படிப்பு முடித்தவுடன் வெளியூரில் ஒரு நேர்முகத் தேர்வு. அன்று காலை அவள் அறைக் கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்னால் போயிருந்தது, ரயில் போய்விட்டது. மடியில் படுத்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். கடிகாரங்கள் பின்னால் போவது உண்டு.

சரி, கிட். மொத்தம் அறுபத்து நாலு உதிரிகள். சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டியை விரித்து, முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒரு வகையாகப் பிரித்து வைத்தேன். இரண்டு நாள் வேலை. ஒரு சால்டர்கூடத் திரண்டு நிற்கவில்லை, ஒரு உதிரியின் கால்கூட வளையவில்லை. உங்கள் ஆட்கள் எரிந்த காரிலிருந்து அந்தக் கன்ட்ரோலர் பலகையை எடுத்து ஆராய்ந்தார்களே, வேலையில் குறை என்று ஒரு வார்த்தை எழுதினார்களா? எழுதியிருக்க முடியாது.

விளக்கத் தாளில் இருபத்து மூன்றாவது குறிப்புதான் முக்கியம். சென்சாரைக் குழாயில் பொருத்தும் முன், திறந்த வெளியில், சுத்தமான காற்றில் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் காற்று படுகிறதோ அதைத்தான் அது சுத்தமான காற்று என்று மனதில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அளக்கும். தாளில் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் இரண்டு முறை படித்தேன்.

பிறகு காரை ஷெட்டுக்குள் விட்டு, கதவைச் சாத்தி, என்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாய் பக்கமாகச் சென்சாரைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். எனக்கும் கொஞ்ச நேரம் தலை வலித்தது.

கெட்ட காற்றையே நல்ல காற்று என்று கற்றுக்கொண்ட சென்சார், அதன்பின் ஆக்ஸிஜனைக் கூட்டித்தான் சொல்லும். கன்ட்ரோலர் அதை நம்பிப் பெட்ரோலை மேலும் மேலும் ஊற்றும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில் ஸ்பார்க் ப்ளக்கில் கரி அடைத்து வண்டி நின்றுவிடும், திங்கட்கிழமை தாண்டிவிடும், இழுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். வந்தால் சாப்பிடட்டும் என்று, அவர்கள் கிளம்பிய அன்று ராத்திரிக்கு மூன்று பேருக்கும் சேர்த்தே சமைத்து வைத்திருந்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் சமைத்து வைப்பானா?

வண்டி நிற்கவில்லை. அந்தப் பழைய என்ஜினுக்கு அவ்வளவு தெம்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வழியில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று பாப்பா இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். அவர் விளக்கைக் காட்டி, "பச்சையாதானே எரியுது, மாமா கையால செஞ்சது" என்றாராம். எரியாத பெட்ரோலெல்லாம் புகைக்குழாயில் போய் எரிந்து, குழாய் பழுக்கக் காய்ந்திருக்கிறது. தலை கனக்கிறது, கால் மணி நேரம் கண்ணயர்கிறேன் என்று சாலை ஓரத்தில் வண்டியை இறக்கி நிறுத்தியிருக்கிறார். கீழே காய்ந்த புல், குழாய்ச் சூட்டில் பற்றிக்கொண்டது. அவர் பக்கத்துக் கதவு மண்மேட்டில் இடித்துத் திறக்கவில்லை. பாப்பாவை மட்டும் வெளியே தள்ளிவிட்டார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். அந்தப் புல் இருக்கும் என்று விளக்கத் தாளில் எங்கும் இல்லை.

பாப்பாவுக்கு நெஞ்சு முழுக்கப் புகை. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள், கூடவே ஒரு பெட்டியும். அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் பெட்டி. டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார், "மூணு மாசம் போதும் சார். அப்புறம் இது தேவைப்படாது. வேலைக்கே போகலாம்." வேலைக்குப் போகிறேன், அம்மாவிடம் போய் இருக்கிறேன் என்று அவளும் அன்றே பேச ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பெட்டியிலும் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. அதிலும் பச்சை விளக்குதான்.

அவள் தூங்கும்போது திறந்து பார்த்தேன். நல்ல வேலைப்பாடு. பிரித்து வரும் ஆக்ஸிஜனில் வழியிலேயே கொஞ்சம் அறைக் காற்றைக் கலக்கவிட்டு, விளக்கு மட்டும் பச்சையாகவே இருக்கும்படி செய்ய அரை மணி நேரம் ஆனது. அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. உயிருக்கு ஆபத்து வராத அளவு எது என்று எனக்குத் தெரியும், அளவுதான் என் தொழில்.

எட்டு மாதம். மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து பாப்பாவின் விரலில் கருவியை மாட்டிப் பார்ப்பார். பெட்டியைப் பார்ப்பார். "மெஷின் நல்லாதான் இருக்கு. நுரையீரல்தான் இன்னும் தேறல" என்று எழுதிக்கொண்டு போவார். கட்டிலிலிருந்து வாசல் கதவுக்கு இருபத்திரண்டு அடி. பாப்பா பாதி தூரத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன், பேப்பர் படித்துக் காட்டினேன். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல காலம்.

"அப்பா, பச்சையாதானே இருக்கு. எனக்கு ஏன் இப்படி மூச்சு முட்டுது?" என்று கேட்பாள்.

"மெதுவா சரியாகும் பாப்பா. இப்ப எங்க போகப் போற?" என்பேன்.

முந்தாநாள் நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அவசரத்துக்கு என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சிலிண்டர் ஒன்று மூலையில் இருந்தது. பாப்பா கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து வீட்டம்மா வந்து அதை மாட்டிவிட்டிருக்கிறார். கடையில் கூட்டம், நான் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் பாப்பா வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். சிலிண்டர் பக்கத்தில். தலையைத் தானே பின்னியிருந்தாள். முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது, உதடு சிவந்திருந்தது. கையில் போன்.

"அப்பா, அந்தப் பெட்டிய நீங்க தொறந்தீங்களா?"

அவள் கத்தவில்லை. நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் கேட்டாள். "கார்லயும் நீங்கதானா?"

மருந்துப் பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கஞ்சிக்கு உலை வைத்தேன். அது கொதிக்கும்போது அவள் அம்மா வந்துவிட்டாள், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. அவளுக்குப் பின்னால் நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், இரண்டையும் நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளை அடைத்து வைத்திருந்தேன் என்று உங்கள் தாளில் ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த எட்டு மாதத்தில் வாசல் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை. என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால் அவள் எழுந்து போயிருக்கலாமே.