நாலு நாள் நிறுத்தி வைத்த பந்து

— தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்! டிவி மேல சீட்டு எழுதி ஒட்டியிருந்தேனே, ‘யாரும் தொடக்கூடாது’ன்னு. இந்த வீட்டுல யாரும்னா யாரு? நீ ஒருத்திதான்!

— கத்தாதீங்க. ராத்திரி முழுக்க லேப்ல நூத்திப்பத்துப் பேர் ரத்தம் பாத்துட்டு வந்திருக்கேன். உங்க கேமை நான் தொடல.

— தொடாமலா டிவில கப்பைத் தூக்கிட்டு நிக்கிறான்? பாரு, பல்லைக் காட்டிக்கிட்டு!

— என்ன தம்பி, காலங்காத்தால? எனக்கென்ன, நான் பாட்டுக்குப் பேன்ட்டுக்கு மடிப்புத் தைச்சுக்கிட்டு இருந்தேன். கதவு திறந்திருந்துச்சு, வந்துட்டேன்.

— வாங்கக்கா. பக்கத்து வீட்டுல சத்தம் கேட்டு நீங்க வரலன்னாதான் அதிசயம். நீங்களே நியாயம் சொல்லுங்க.

— நான் எதுக்கு நடுவுல? சரி, சொல்லு. விவரமா சொல்லு.

— ரெண்டு வருஷம்க்கா. இந்தக் கிரிக்கெட் கேம்ல ஒண்ணுமில்லாத ஒரு பையனை உருவாக்கி, சின்ன டீம்ல ஆட வெச்சு, படிப்படியா ஏத்தி ஃபைனலுக்குக் கொண்டுவந்தேன். பதினோரு தடவை ஃபைனல்ல மண்ணைக் கவ்வியாச்சு. இந்தத் தடவை கடைசிப் பந்து, நாலு ரன் வேணும். அந்த இடத்துல நிறுத்தி வெச்சிருந்தேன்.

— எப்ப நிறுத்தினீங்க? அதையும் சொல்லுங்க. வியாழக்கிழமை. இன்னிக்குத் திங்கள்.

— நாலு நாளாவா தம்பி? பந்து போடறவனுக்குக் கால் கடுத்திருக்குமே!

— சிரிக்காதீங்கக்கா. எடுத்தோம் கவுத்தோம்னு அடிக்கிற பந்தா அது? சரியான நேரத்துல பொத்தானை அழுத்தினா கையில ஒரு அதிர்வு வரும். அரை செகண்ட் ஸ்டேடியமே மூச்சு விடாது. பந்து எங்க போச்சுன்னு கேமராவுக்கே தெரியாது. அப்புறம் ஒரு இரைச்சல் கிளம்பும் பாருங்க. நாளெல்லாம் கிரீஸ்லயும் இருட்டுலயும் ரிப்பேருன்னு அடுத்தவன் லிஃப்டுக்குள்ள தொங்குறவனுக்கு வேற என்ன இருக்கு?

— ஆமா, அந்த அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தையல் மெஷின் ஓட்டுறவளுக்கு அதிர்வு தெரியாதா? மேல சொல்லு.

— நான் சொல்றேன்க்கா, நாலு நாள் ஏன் நிறுத்தி வெச்சார்னு. எனக்கு வேற ஊர்ல பெரிய லேப்ல வேலை வந்திருக்கு. இவர் வரணும், இல்லன்னா நான் போகல. மூணு வாரமா போலாமா வேண்டாமான்னு பேசிப் பேசி ரெண்டு பேருக்கும் வாய் வலிச்சுப்போச்சு. கடைசில இவரேதான் சொன்னார்: இந்தப் பந்துல ஜெயிச்சா போலாம், தோத்தா இங்கயே. நானும் இருந்த அசதியில சரின்னுட்டேன். இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டுக்குள்ள பதில் போகணும்.

— வேற ஊரா? எங்கிட்ட மூச்சு விடலயேடி!

— உங்ககிட்ட சொல்றதும் மைக் வெச்சு சொல்றதும் ஒண்ணுதானேக்கா.

— அதுவும் சரிதான். இருந்தாலும்... நீ போயிட்டா நான் யார் தலையை யார்கூட உக்காந்து உருட்டுறது? காலைல ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. இந்தக் கட்டடத்துல எனக்குன்னு உக்கார இருக்கிறது உன் சமையலறை ஸ்டூல் ஒண்ணுதான்.

— அக்கா, முதல்ல என் பஞ்சாயத்து! இவளுக்குப் போகணும். பந்தை நான் அடிக்கிற வழியா இல்ல. வந்தா, அடிச்சா, படுத்துட்டா. அதானே?

— நான் சொல்லட்டுமா? நீங்கதான் அடிச்சீங்க. அடிச்சுட்டு இப்ப பின்வாங்குறீங்க.

— நானா? சத்தியமா இல்ல! விடியக்காலைல லிஃப்டுல ஒருத்தர் மாட்டிக்கிட்டார்னு போன் வந்துச்சு, ஓடினேன். போகும்போது பந்து அப்படியே இருந்துச்சு.

— நான் வரும்போது கப்பு இருந்துச்சு.

— அப்ப நீயும் அடிக்கல, நானும் அடிக்கல. யாரு அடிச்சாங்கன்னே தெரியாத பந்து. பேச்சு செல்லாது. நான் முதல்லருந்து ஆடறேன்.

— பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டு வருஷமா?

— முடியாதுதான். வரலன்னு எழுதிடு.

— தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்...

— இருங்கக்கா, நான் முடிச்சுடறேன். ஆறு இருபதுக்கு வந்தேன். செருப்பைக் கூடக் கழட்டல. டிவில கப்பு. நாலு நாளா அந்தப் பந்தைப் பாத்துப் பயந்துக்கிட்டிருந்த மனுஷன், எனக்காக அடிச்சுட்டு, சொல்லாமக்கூட வேலைக்குப் போயிருக்கார்னு நெனச்சேன். பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். சந்தோஷத்துல. கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல எனக்குன்னு ஒருத்தர் ஒண்ணை முடிச்சுக் குடுத்திருக்கார்னு... போகட்டும். தூக்கம் வருது. வரலன்னு எழுதிட்டுப் படுக்கறேன். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?

— ஒண்ணுமில்லடி. அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வந்துச்சு.

— நில்லு. எழுதாத.

— ஏன்?

— நான்தான் அடிச்சேன்.

— இப்பத்தானே சத்தியம் பண்ணீங்க!

— பயத்துல பண்ணேன். ஷூ மாட்டிக்கிட்டே அடிச்சேன். பதினஞ்சு வருஷமா இந்த ஊர் லிஃப்டு ஒவ்வொண்ணும் எப்படி இருமும்னு எனக்குத் தெரியும். அங்க போய் எவன் லிஃப்டை எனக்குத் தெரியும்? அதான்.

— பொய் சொல்றீங்க.

— பொய்னா பொய்யாவே இருக்கட்டும். போலாம்னு எழுது. அக்கா, பால் பொங்கிடப் போகுது.

— பொங்கட்டும் தம்பி. இவ எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்.

*

— அக்கா, கேக்குதா? உங்க குரலைக் கேட்டு மூணு மாசமாச்சு.

— கேக்குது, கேக்குது. அங்கயிருந்துகூட நீ களைப்பாத்தான் பேசற. தம்பி எப்படியிருக்கு?

— ஒரு ஆஸ்பத்திரில பதினாறு லிஃப்டு இவர் பொறுப்புல. எல்லாத்துக்கும் பேர் வெச்சிருக்கார். கேம் பக்கமே போறதில்ல. அங்க என்ன சேதி?

— மூணாவது மாடி டீச்சர் பொண்ணு, தண்ணி ஃபில்டர் மாட்ட வந்த பையனையே கட்டிக்கிச்சு. நாலு மாசத்துல ஆறு தடவை அந்த ஃபில்டர் ரிப்பேராச்சு, அப்பவே எனக்குச் சந்தேகம். கல்யாணம் முடிஞ்ச கையோட டீச்சர் அவங்க தம்பி வீட்டோட போயிட்டாங்க. உன் வீட்டுக்கு ஒரு ஜோடி வந்திருக்கு. கதவை எப்பவும் சாத்தியே வெச்சிருக்குதுங்க, வாழத் தெரியாதவங்க.

— அக்கா, நேத்து இவர் ஒண்ணைக் கக்கிட்டார். அந்தப் பந்தை அவர் அடிக்கவே இல்லையாம். நான் அடிச்சுட்டு மறைக்கிறேன்னு நெனச்சு, போனா போகுதுன்னு தலையில போட்டுக்கிட்டாராம். நானும் அடிக்கலக்கா. அப்புறம்தான் தோணுச்சு. எங்க வீட்டு இன்னொரு சாவி உங்ககிட்டத்தானே இருந்துச்சு?

— இருந்துச்சு.

— அக்கா!

— நிறுத்தி வெச்சா அந்த கேம் சனியன் ஒரு பாட்டுப் பாடுமேடி. நீங்க வேலைக்கு ஓடிடுவீங்க. சுவத்துக்கு இந்தப் பக்கம் நாலு நாளா அதைக் கேட்டது நான். தம்பி விடியக்காலைல ஓடினதைப் பாத்துட்டு, பாட்டை நிறுத்தலாம்னு வந்தேன். ஒரு பொத்தானை அமுக்கினேன், பந்து போடறவன் ஓடி வந்தான். பதறிப்போய் இன்னொண்ணை அமுக்கினேன். பந்து ஸ்டேடியம் கூரையைத் தாண்டிப் போச்சு. அத்தனை பேரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நானும் நைட்டியோட நின்னு கடைசி வரைக்கும் பாத்தேன். முப்பது வருஷமா தைக்கிறேன், எனக்கு ஒருத்தரும் அப்படித் தட்டினதில்ல.

— அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! பேச்சு செல்லாதுன்னு அவரே சொன்னாரே. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

— சொல்லியிருந்தா நீ இன்னும் பக்கத்து வீட்டுலயேதான் இருந்திருப்ப.