தபசு நாள் டூட்டி

— இந்த ஒரு பேரை மட்டும் விட்டுருங்க தம்பி. மத்ததெல்லாம் எப்படி வேணும்னாலும் மாத்திக்கோங்க.

— கோமதியக்கா, அஃப்ரோஸ் சிஸ்டர் மவுத்தாகி நாலு வருசமாச்சு. ஸ்க்ரீன்ல பாருங்க: பிள்ளைங்க வார்டு, இன்னைக்கு டூட்டி, அஃப்ரோஸ். "ஏ ரிஸ்வானு, செத்த ஆளு டூட்டி பாக்குத ஆஸ்பத்திரின்னு ஊரு சிரிக்கும்வே"ன்னு மேனேஜர் என்னைய ஏசுதாரு.

— சிரிக்கட்டும். டூட்டி நான் பாக்கேன்லா? வார்டு காலியாவா கெடந்துச்சு, இப்பத்தானே அடுத்த ஷிப்டு சிஸ்டர்கிட்ட ஒப்படைச்சிட்டு வாரேன்?

— நீங்கதான் பாக்கிய. ஆனா ஸ்க்ரீன்ல நீங்க லீவு. இவ்வளவு நாளா ஏன் இதை ஒருத்தரும் அழிக்கல?

— அழிக்கத்தான் போனாவ. ஆளை அழிச்சா, அவ வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து பாத்த டூட்டி எல்லாமே சேந்து அழிஞ்சிரும்னு காட்டுச்சு. பயந்து விட்டுட்டாவ.

— அதாங்க்கா இந்தப் பழைய சாப்ட்வேரு. மனுசப்பய அமுக்கப் போறான்னு நெனச்சுச் செஞ்சதே இல்ல. ஒரு டூட்டி மாத்த ஏழெட்டு எடத்துல அமுக்கணும், எழுத்து எறும்பு மாதிரி ஊருது. நான் செய்யுத புதுசுல ஒரே தொடுதல்தான். அடுத்த வாரம் இதை மொத்தமா அணைச்சிருவோம்.

— அப்ப அந்த மெசேஜும் வராதா?

— எந்த மெசேஜு?

— இந்தா, காலையில வந்தது. நீங்களே வாசிங்க.

— "கோமதித்தாய், இன்று உங்கள் டூட்டியை அஃப்ரோஸ் பார்க்கிறார். குறிப்பு: போங்கக்கா." அக்கா, இது இன்னைக்கா வந்துச்சு?

— வருசா வருசம், நம்ம கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருநா அன்னைக்கு. இங்க ஒரு வழக்கம் உண்டு தம்பி. தபசுக்கு எங்க டூட்டியை உங்க ஆளுக பாப்பாவ, பெருநாளைக்கு உங்க டூட்டியை நாங்க பாப்போம். எனக்கு எப்பவும் அவதான். "அம்மன் அங்கன ஒத்தக்கால்ல தபசு நிக்கா, அவ பேரை வச்சுக்கிட்டு நீங்க இங்கன ஊசியோட நிக்கியளா, போங்கக்கா"ன்னு முதுகைப் பிடிச்சுத் தள்ளுவா.

— அவங்க மவுத்தான அன்னைக்கும் அப்படித்தானா?

— அன்னைக்கும் என் டூட்டியைத்தான் பாத்தா. முடிச்சிட்டு கடையநல்லூர் வீட்டுக்குக் கெளம்புதா. தபசுக் கூட்டத்துக்காவ பஸ்ஸையெல்லாம் சுத்தி விட்டுட்டானுவ. ஸ்கூட்டியில போயிருதேன்னு போனவதான். புளியங்குடி ரோட்டுல லாரி. நான் கோயில் வாசல்ல கும்புட்டுக்கிட்டு நிக்கேன். அதுக்குப் பொறவு தபசு பக்கமே நான் போகல. மெசேஜ் வரும், நான் அவ பேர்ல வார்டுல நிப்பேன்.

— அக்கா, ஒண்ணு சொல்லுவேன், பயப்படக் கூடாது.

— சொல்லுங்க.

— இது தானா வராது. உங்க தபசு டூட்டியை வருசந்தோறும் தான் பாக்கேன்னு அவங்க போட்டு வச்சிருக்காங்க, சரி. ஆனா தபசன்னைக்கு அது அவங்க போனைத்தான் கேக்கும், கோமதித்தாய் டூட்டியைப் பாக்கியளான்னு. அங்கன பச்சையை அமுக்குனாத்தான் உங்களுக்கு இங்கன வரும். இன்னைக்குக் காலையில யாரோ அமுக்கியிருக்காவ.

— ஏ கோமதித்தாயே! கையைப் பாருங்க தம்பி, எப்படிப் புல்லரிச்சு நிக்குன்னு. நான் நெனச்சேன். அவதான். அவளேதான்.

— இருங்க, அந்த நம்பருக்குப் போட்டுப் பாக்கேன்.

— வேண்டாம், போடாதீய! அவ எடுத்துட்டா நான் என்னன்னு பேச?

— ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்க்கா. ரிங் போகுது.

— அலோ, யாரு வாப்பா?

— அஸ்ஸலாமு அலைக்கும். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி ஆபீசுல இருந்து ரிஸ்வான் பேசுதேன். இது அஃப்ரோஸ் சிஸ்டர் நம்பர்தானே?

— வ அலைக்கும் ஸலாம். அவ உம்மா கதீஜம்மா பேசுதேன். ஏன் வாப்பா, நான் சரியாத்தானே அமுக்குனேன்?

— நீங்களா உம்மா அமுக்குனிய?

— எனக்குப் படிப்புக் கெடையாது. எம் மவதான் காட்டித் தந்தா. "நான் குளிச்சுக்கிட்டு இருந்தாலும் நீ பச்சைக் கட்டத்தை அமுக்கிரு உம்மா, செவப்பைத் தொட்டுராத, அக்கா சாமி பாக்கப் போணும்"பா. அமுக்குனதும் எம் மவ போட்டோ வரும். சுத்திப் பச்சையா எரியும்.

— அது அவங்க டூட்டியில இருக்காங்கன்னு அர்த்தம்.

— தெரியும் வாப்பா. அதுக்காவத்தானே இந்தப் போனுக்கு ரீசார்ஜ் போட்டு வச்சிருக்கேன். மத்த நாளெல்லாம் அவ மையவாடி மண்ணுக்குள்ள கெடக்கா. இந்த ஒரு நாளு எம் புள்ள வேலைக்குப் போயிருக்கா. வந்துருவான்னு சோறு எடுத்து மூடி வப்பேன்.

— உம்மா, புதுசா ஒண்ணு வரப்போகுது. வந்தாலும் அந்தப் பச்சைக் கட்டம் அதே எடத்துல இருக்கும். நான் பாத்துக்கிடுதேன்.

— நல்லாருப்ப. பக்கத்துல யாரு வாப்பா, அழுத மாதிரி கேக்கு?

— நாந்தாம்மா. கோமதி.

— கோமதியா! வெயில் சாஞ்சிட்டே, நீ இன்னும் தபசுக்குப் போகலையா தாயி? நீ ஆபீசுல நின்னா, அங்கன வார்டுல யாரு நிக்கா?

— இந்தா, கோயிலுக்குக் கெளம்பிட்டேம்மா. வார்டுல அஃப்ரோஸ் நிக்கா.