கைத்தடுப்பு உள்ளவை நீங்கலாக

சுப்பண்ணன் வீட்டுத் தேநீரில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். மற்றபடி அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நீலகிரியில், நடுவட்டம் ஊரில் அவருக்கு ஒரு பட்டறை. தேயிலைக் கொழுந்தை நசுக்கும் சிறிய உருளை இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். காப்புரிமை வாங்கித் தருகிறேன், வருமானத்தில் பாதி எனக்கு என்று பேசிக்கொண்டோம். புருஷனும் பெண்சாதியும் என்னை ‘வக்கீல் சார்’ என்பார்கள். நான் வெறும் காப்புரிமை முகவர். பிறர் எழுதியதைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. அந்த ஒன்றை மட்டும் நான் திருத்தவில்லை.

உருளைகளுக்கு முன்னால் ஒரு கைத்தடுப்பு தொங்கும். விரல் அதை அழுத்தினால் உருளை நின்றுவிடும். இலை போடுவது அவர் மனைவி சாந்தாமணி. இயந்திரத்தைப் பார்க்கவே மாட்டார். ஊர்க்கதை பேசிக்கொண்டே, தடுப்பு விரலில் இடிக்கும்வரை தள்ளிவிட்டுக் கையை எடுப்பார். அந்த வேகத்தை நின்று ரசித்திருக்கிறேன்.

விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் வந்தது. கைத்தடுப்போடு இதே மாதிரி இயந்திரத்துக்கு யாரோ முன்பே உரிமை வாங்கியிருந்தார்கள். உரிமை கிடைப்பதற்கு முன் விண்ணப்பத்தில் எழுதிய இயந்திர விவரத்தைத் திருத்தலாம். ஆனால் புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது, கேட்டதைக் குறைத்துக்கொள்ளலாம். நாகரிகமான சட்டம். ‘கைத்தடுப்பு உள்ளவை நீங்கலாக’ என்று எழுதினேன்.

“தடுப்பு இல்லாம எப்படிங்க வக்கீல் சார்? என்ற ஊட்டுக்காரிதானுங்க இலை போடறா” என்றார் சுப்பண்ணன்.

காகிதத்தில் மட்டும்தான் என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அப்படியே உரிமையும் கிடைத்தது. பிறகு ஒரு எஸ்டேட் கம்பெனிக்காரர்கள் இயந்திரம் ஓடுவதைப் பார்க்க வந்தார்கள். தடுப்போடு ஓடினால் அது எவனுடைய இயந்திரமோ. விற்க எங்களிடம் என்ன இருக்கிறது? இயந்திரத்துக்கு ஏற்றபடி விவரத்தை இனித் திருத்த முடியாது. விவரத்துக்கு ஏற்றபடி இயந்திரத்தைத் திருத்தலாம். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

சுப்பண்ணன் அவர்களை அழைத்துவர மெயின் ரோட்டுக்குப் போயிருந்தார். சாந்தாமணி எனக்குத் தேநீர் போட உள்ளே போனார். இரண்டே திருகாணிகள். தடுப்பைக் கழற்றி என் பைக்குள் குடையோடு வைத்துக்கொண்டேன்.

“சக்கரை போதுங்களா சார்?” என்று கேட்டபடி வந்தார். போதும் என்றேன்.

அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் பயந்துபோய் மெதுவாகப் போடுவார். வந்தவர்களோ வேகத்தைப் பார்க்க வந்தவர்கள்.

வேகம் நன்றாகவே இருந்தது. வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி தள்ளினார். சுப்பண்ணன் ஓடிவந்து சுவிட்சை அணைப்பதற்குள் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. எனக்கு மிகவும் வருத்தம். கம்பெனிக்காரர்கள் அன்றைக்கு ஒப்பந்தம் போடாமலே கிளம்பிவிட்டார்கள்.

திருகாணிகளைக் கழற்றியது நான்தான், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். நான் எதையும் சேர்க்கவில்லை, சார். சட்டம் சொன்னபடி குறைக்க மட்டுமே செய்தேன்.