சாமி வண்டியின் வெள்ளைப் புகை

சாயா ஆறிடும், குடிச்சுக்கோங்க ஸாதனாம்மா. பக்கத்துக் கடை சேட்டன் பால் கொஞ்சம் தூக்கலாப் போடுவான், உங்க அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். நீங்க உக்காந்திருக்கிறது அவரோட ஸ்டூல். வண்டிச் சாவியை வாங்க வந்துட்டு, "எங்க அம்மா போன அன்னிக்கு என்ன நடந்தது, உள்ளதைச் சொல்லுங்க மாமா"ன்னு கேக்கறீங்க. சொல்றதுக்கென்ன. முப்பது வருஷமா மட்டாஞ்சேரியில ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், ராஜப்பன் பொய் சொன்னான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

வெள்ளைப் புகைன்னா எல்லாரும் பயந்துடுவாங்க. மழைக்காலத்துல காலையில ஸ்டார்ட் பண்ணினா கொஞ்சம் வரும். அது வெறும் ஆவி, அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும். அடங்கலைன்னா புகைக் குழாய்கிட்ட கைக்குட்டையைப் பிடிச்சு மோந்து பாப்பேன். தித்திப்பா வாடை அடிச்சா, இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி உள்ளே போய் எரியுதுன்னு அர்த்தம். கீழே ஒரு சொட்டு ஒழுகாது, ஆனா தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகும். தண்ணி இஞ்சினுக்குள்ள இறங்காம அடைக்கிற தகடு, ஹெட் கேஸ்கெட், போச்சு, மாத்தியே ஆகணும். அப்பா கார்ல இதை முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன். போன வருஷம் ஓணத்துக்கு முந்தின வாரம் அது.

அம்மாவை டயாலிசிஸுக்கு எறணாகுளம் கூட்டிட்டுப் போற வண்டின்னு எனக்குத் தெரியும். செவ்வாய், வியாழன், சனி. அதனாலதான் அப்பாகிட்ட பதமாச் சொன்னேன்: "தண்ணிதான் குறையுது சாமி. போறதுக்கு முந்தின சாயங்காலம் கொண்டு வாங்க, நான் பாத்துக்கறேன்." இதுல பொய் எங்க இருக்கு?

அன்னிலேர்ந்து திங்கள், புதன், வெள்ளி தவறாம வந்தார். நான் தண்ணி ஊத்துவேன், ஓட்டை அடைக்கிற மருந்தும் கொஞ்சம் ஊத்துவேன். ரெண்டு நாளைக்குப் புகை அடங்கும். அப்பா இந்த ஸ்டூல்ல உக்காந்து, "ஒருத்தி தண்ணி குடிக்கப்படாது, இன்னொண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்கறது, நன்னாருக்கு ராஜப்பா என் ஜாதகம்"னு சிரிப்பார். ஒரு மணி நேரம் பேச்சு ஓடும்.

என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் போய் நாலு வருஷமாச்சு. பையன் பினு இடப்பள்ளியில இருக்கான். பேரப் பிள்ளைங்ககிட்ட நான் தமிழ்ல பேசினா மலையாளத்துல பதில் வரும், அதுவும் ஃபோனைப் பாத்துக்கிட்டே. சாமி ஒருத்தர்தான் "சாப்ட்டியா?"ன்னு கேட்டவர். வண்டி நல்லாயிட்டா அவருக்கு இங்க என்ன வேலை, நீங்களே சொல்லுங்க.

வண்டியைப் பிரிச்சுப் பாக்க நேரமில்லைன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன். நேரம் இருந்துச்சு. சனி மதியம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தா செவ்வாய் காலை வரைக்கும் வண்டி சும்மாதான் நிக்கும். எனக்கு ஒன்றரை நாள் போதும்.

அப்புறம் ஒரு நாள், சூடு காட்டுற முள் மேலே ஏறுதுன்னு பதறிட்டு வந்தார். யாரோ பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகச் சொன்னாங்களாம். அங்க போனா அப்புறம் இங்க வர மாட்டார். அன்னிக்குத்தான் அந்த முள்ளு எப்பவும் நடுவுலயே நிக்கிற மாதிரி பண்ணினேன். சாமிக்கு பிரஷர் உண்டு, முள்ளையே பாத்துக்கிட்டு ஓட்டினா ஆபத்துதானே? அடுத்த தடவை முகம் தெளிஞ்சு வந்தார். "கை ராசி உனக்கு"ன்னார். அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்னிக்குக்கூட இருந்ததில்லை.

தை மாசம் அந்தத் திங்கட்கிழமை அவர் வரலை. சோம ப்ரதோஷம், கோயிலுக்குப் போயிட்டார். முள்ளு நடுவுல நிக்குதே, ஒரு தடவை விட்டா என்னன்னு நினைச்சிருப்பார். அவருக்கு வாங்கி வச்ச சாயா இந்த மேசையிலயே ஆறிப்போச்சு. தண்ணி இல்லாம வண்டி நாளைக்குத் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். ஃபோன் பண்ணியிருக்கலாம். மனசு விட்டுப் போச்சு, பண்ணலை. என்னைத் தேடி அவரே வரட்டும்னு இருந்துட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போற வழியில தோப்பும்படி பாலத்து மேல வண்டி நின்னுடுச்சு. அம்மாவுக்கு மூணு நாள் நீர் உடம்புல கோத்து மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பா முதல்ல கூப்பிட்டது ஆம்புலன்ஸை இல்லை, என்னை. பக்கத்துல நிறுத்தின ஒரு ஆட்டோக்காரர் அம்மாவை ஏத்திக்கறேன்னு சொல்றாராம், என்ன பண்ணட்டும்னு கேட்டார். "வேண்டாம் சாமி, மாத்தி ஏத்தினா அம்மாவுக்கு இன்னும் கஷ்டம். பத்து நிமிஷத்துல நான் வந்துடறேன்"னேன். அவர் ஆட்டோவை அனுப்பிட்டார். அந்த வண்டி நின்னதால பாலத்துல எல்லாம் பிளாக். நான் போய்ச் சேர நாப்பது நிமிஷமாச்சு. அம்மா அப்பாவோட தோள்ல சாஞ்சிருந்தாங்க. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுது. அப்பாவுக்குத் தெரியலை. "ராஜப்பன் வந்துட்டான் காமாக்ஷி, இனி பயமில்லை"ன்னு அவங்ககிட்ட சொன்னார்.

ஆமா, நான்தான் பண்ணினேன். புகையை மறைச்சது நான், முள்ளை நிறுத்தினது நான், ஆட்டோவை வேண்டாம்னதும் நான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். ஆனா உங்க அம்மா மேல எனக்கு ஒரு விரோதமும் கிடையாது, அதை நீங்க நம்பணும்.

வண்டியை இழுத்துட்டு வந்து அன்னிக்கே பிரிச்சேன். கணக்கா ஒன்றரை நாள். இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, துளி புகை இருக்காது. முள்ளும் உள்ளதைத்தான் காட்டும். அப்பா நல்லா இருக்காரா? மூணு மாசமா இந்தப் பக்கமே காணோம். சாவியை எடுத்துக்கோங்க. முன்சக்கரத்துல சின்னதா ஒரு சத்தம் கேக்குதுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க. பெருசா ஒண்ணுமில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு தடவை கொண்டு வரச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.