நாலு தாள் சேரும் மூலை

— அந்த ஸ்பேனரை எடுத்து இந்த ஓரத்துல வைங்க. ஐயோ, அங்கே இல்லங்க! உங்க ஊர் மேலேயே வைக்கறீங்களே!

— எங்க ஊரா? எங்கேடி இருக்கு எங்க ஊரு? மூணு மாசமா உன் சர்வே ஆபீஸ் மேப் ரூமையே தலைகீழாப் புரட்டிட்டே. இந்த நாலு தாள்லயும் மணலைத் தவிர ஒரு மண்ணும் காணோம்.

— அதைத்தானே சொல்ல வரேன். நாலையும் மூலையோட மூலை சேர்த்தாச்சு. இப்ப நடுவுல பாருங்க. நாலு மூலையும் ஒண்ணா சேருதே, இந்த இடம். நீங்க பொறந்தது இங்கேதான்.

— டேய், அந்த ஃபேனைக் குறைடா. பேப்பரெல்லாம் பறந்து வந்து என் மடியில விழுது.

— குறைக்கிறேம்மா. நீ முதல்ல காலை மடக்கிக்கோ. பாலைவனத்தையே மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே.

— மிதிச்சா என்ன? அதுல வெறுங்காலோட ஓடினவதான் நான்.

— பரவாயில்ல அத்தை, இது நகல்தான். நல்லா மிதிங்க. ஏங்க, கவனிங்க. அறுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சர்வேக்கு நாலு குழு போயிருக்கு. குழுவுக்கு ஒரு தாள். ஊர் சரியா மூலையில மாட்டிக்கிச்சு. இவர் வரைவார்னு அவர், அவர் வரைவார்னு இவர். பலர் கூடி அடிச்சா பாம்பு சாகாதுங்கற கதை.

— சோம்பேறிப் பசங்க! சம்பளத்தை வாங்கிக்கிட்டுக் கூடாரத்துல கவுந்தடிச்சுத் தூங்கியிருக்கானுங்க. இப்ப அனுபவிக்கறது யாரு? நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. பழைய மேப்ல ஊர் இருந்தா அங்கேயே குடியிருக்கலாம். இல்லேன்னா பதினோரு வீட்டையும் காலி பண்ணிட்டு சோலார் தகடு நட்டுடுவாங்க. அண்ணன் அத்தனை ஆட்டையும் ஓட்டிக்கிட்டு எங்கே போய் நிப்பான்? ‘இங்கே எக்காலத்திலும் மனிதர் குடியிருந்ததில்லை’ன்னு நோட்டீஸ் வேற ஒட்டியிருக்கானுங்க. அப்போ நான் என்ன ஆகாசத்துலயா பொறந்தேன்?

— எங்கே பொறந்தீங்களோ, நடக்கறதெல்லாம் ஆகாசத்துலதான்.

— அந்தப் புள்ளைங்களைத் திட்டாதேடா.

— எந்தப் புள்ளைங்கம்மா? சர்வேக்காரனுங்களா? அவனுங்களுக்கு நீ எப்போ வக்கீல் ஆனே?

— யாரா இருந்தா என்ன? வெயில்ல வேலை பாத்தவங்க. விட்டுடு.

— சரி, விட்டுட்டேன். பஸ் பட்டறையில வண்டி நின்னுபோச்சுன்னா மட்டும் மெக்கானிக்கை எல்லாரும் திட்டலாம். சர்வேக்காரனை நான் திட்டக் கூடாது.

— ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. வீடுதான் இல்ல, வழி இருக்கு பாருங்க. இந்தத் தாள்ல உப்பளத்துலேர்ந்து ஒரு ஒட்டகத் தடம் மூலைக்கு வருது. இதுல இடிஞ்ச கோட்டையிலேர்ந்து ரெண்டு. இதுல வத்திப்போன ஆத்தை ஒட்டியே மூணு. இதோ, மேய்ச்சல் மேட்டுலேர்ந்து ஒண்ணு. ஆக ஏழு. ஏழும் அங்கே வந்து முடியுது. தண்ணி இல்லாத இடத்துக்கு ஒட்டகம் எதுக்குங்க வரும்? ஆளில்லாத இடத்துக்கு ஏழு வழி எதுக்கு?

— அடி என் ராசாத்தி! கையைக் குடு, கண்ணுல ஒத்திக்கறேன்.

— சும்மா இருங்க, அத்தை பாக்கறாங்க.

— நான் ஜன்னலைப் பாத்துக்கறேன் கண்ணு. நீங்க நடத்துங்க.

— சிரிக்காதீங்க அத்தை. இருங்க, இருங்க. ஓரத்துல பொடியா என்னமோ எழுதியிருக்கு. நாலு தாள்லயும் இருக்கு. அந்த பூதக்கண்ணாடியை எடுங்க.

— இந்தா. என்னடி? ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?

— ‘நான்கு தாள்களின் ஓரங்களும் இவ்விடத்தில் நேரில் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன.’ கீழே நாலு கையெழுத்து. நாலுக்கும் ஒரே தேதி.

— அதனால என்ன?

— நாலு பேரும் அந்த மூலையிலேயே வந்து நின்னிருக்காங்க. யாரும் யாரையும் நம்பி விடல. நான் நினைச்சது தப்பு. கண்ணால பாத்துட்டுத்தான் வெறும் மணல்னு போட்டிருக்காங்க. நாளைக்கு எதிர் வக்கீல் இதைத்தான் தூக்கிக் காட்டுவார். ‘நாலு அதிகாரிங்க நேர்ல பாத்தாங்க, ஒரு குடிசைகூட இல்ல’ன்னு.

— அப்போ அந்த ஏழு வழி?

— அந்தப் பக்கமா கடந்து போறவங்க வழின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.

— வெண்ணெ திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச மாதிரி ஆயிடுச்சே. அண்ணன்கிட்ட நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்? அவன் உன்னைத்தான் மலை மாதிரி நம்பிக்கிட்டிருக்கான்.

— தெரியும். கிட்ட வந்து உக்காருங்க.

— எட்டு நாளும் ஒரே காத்துடா. அவங்க கூடாரம் நிக்கவே இல்ல. மணல் விழுந்து நாலு பேர் கண்ணும் கோவைப்பழம். நான்தான் குடத்துல தண்ணி கொண்டுபோய்க் குடுப்பேன்.

— அத்தை! எட்டு நாள்னு எப்படிச் சொல்றீங்க? ‘முகாம் எட்டு நாள்’னு இங்கே எழுதியிருக்கு. அதை நான் வாய்விட்டுப் படிக்கவே இல்லையே. உங்களுக்குப் படிக்கவும் வராதே.

— படத்துல ஏறின ஊருக்கெல்லாம் அடுத்த வருஷமே ரோடு போட ஆள் பிடிக்க வந்தாங்க கண்ணு. கோட்டைப் பக்கத்துல என் தாய்மாமனுங்க ரெண்டு பேரையும் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போனாங்க. போனவங்க போனவங்கதான். எங்கப்பாவையும் கொண்டுபோயிடுவாங்கன்னு எனக்குச் சோறு இறங்கல. கூடாரத்தைப் பிரிக்கிற அன்னைக்கு, அவங்கள்ல நெட்டையா ஒருத்தர் இருந்தாரு, அவர் கால்ல போய் விழுந்தேன். எங்க வீட்டையெல்லாம் அழிச்சிடுங்க ஐயான்னு.

— என்னம்மா சொல்றே? அழிச்சிட்டாங்களா?

— நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ரப்பரை எடுத்து அப்ப இருந்த பதினேழு வீட்டையும் கிணத்தையும் அழிச்சாங்க. ‘வழியை அழிக்க மாட்டோம் பாப்பா, ஒட்டகக்காரன் தண்ணி கிடைக்காம செத்துப்போவான்’னு மட்டும் சொன்னாரு. அவங்களைப் போய்ச் சோம்பேறிங்கறியே.

— அத்தை, எந்த வீடு எங்கே இருந்துச்சுன்னு இப்பவும் சொல்வீங்களா?

— கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்.

— போதும்டி, கெட்டியாப் பிடிச்சுக்கோ! எட்டு நாள் கணக்கும் ஒத்துப்போகுது. அம்மா, நீ இந்த முட்டி வலியோட அலைய வேணாம். ஊரே கூடிக் கேட்டதுதானே? பெரியப்பா ஊர்ல அண்ணன் கூடத்தானே இருக்காரு, உன்னைவிட மூத்தவரு. விடியறதுக்குள்ள போய்க் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெச்சிடறேன்.

— உன் பெரியப்பாவுக்குத் தெரியாதுடா. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஒம்பது வயசுல நான் ஒருத்தியா போய்க் கேட்டது அது. நாளைக்கு வண்டியை எத்தனை மணிக்கு எடுக்கறே, நானும் வரேன்.