வலது காதுக்கு வைத்த ஒலி

இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் ஒரே ஒலியைக் கொடுத்துப் பார்ப்பவனுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம், சேர். நான் களுதாவளையில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். மடிக்கணினியில் இடப்பக்கத்துக்குச் சுருதி தாழ்ந்த ஒலி, வலப்பக்கத்துக்குச் சுருதி உயர்ந்த ஒலி என்று தனித்தனியாக உருவாக்கி அனுப்புவேன். எந்தப் பெட்டி வேலை செய்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் வெளி மாவட்டக்காரர் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் கட்டினால் ஆண் போய்ப் பெண் வீட்டில் இருப்பான். நானும் அப்படித்தான் தனுஷியாவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய், மாமி சீதேவிப்பிள்ளை, மீன் தலையை எனக்குத்தான் வைப்பார். குறை சொல்ல மாட்டேன்.

பிறகு தனுஷியா தாதியர் பயிற்சிக்குத் தெரிவானாள். மூன்று வருடம் கண்டியில் விடுதி. அவள் சந்தோஷத்தில் அழுதாள். நானும் சிரித்துவைத்தேன், ஆனால் பயந்துபோனேன். மனைவி இல்லாத வீட்டில் மாமியாரின் சோற்றைத் தின்றுகொண்டு நான் யாராக இருப்பது? தாய்வீட்டைத் தங்கைக்கு எழுதியாகிவிட்டது. எனக்குப் போக்கிடம் இல்லை. இதையெல்லாம் யாரும் யோசிப்பதில்லை.

ஆகவே, பயிற்சிக்குச் சேருமுன் நடக்கும் மருத்துவச் சோதனைக்கு முன்னால் வீட்டிலேயே காதைப் பார்த்துவிடுவோம் என்றேன். ஹெட்போனை மாட்டிவிட்டேன். இடப்பக்கத்துக்குச் சாதாரண ஒலி. வலப்பக்கத்துக்கு மனிதக் காது எதற்குமே எட்டாத அளவு சுருதி உயர்ந்த ஒலி. திரையில் ஒலியின் அளவைக் காட்டும் இரண்டு பட்டைகளும் ஒரே அளவில் நிறைந்து ஓடின.

"வலப்பக்கம் ஒண்டும் கேக்கல்லியே," என்றாள்.

"சத்தம் போய்க்கிட்டுத்தானே இரிக்கு. திரையப் பாரு."

மாமிக்கு மாட்டியபோது இரு பக்கமும் சாதாரண ஒலியை வைத்தேன். "எனக்கு ரெண்டும் நல்லாக் கேக்குது மகன்," என்றார். தனுஷியாவின் முகம் வாடிப்போனது.

"ஃபோன்ல கதைக்கக்குள்ள அந்தக் காதும் விளங்குதேங்க."

"கதை விளங்கும். நெஞ்சுச் சத்தம் மாதிரி நுணுக்கமான சத்தந்தான் முதல்ல போகும்."

ஒலி என் தொழில். நம்பினாள். இப்போது போனால் காதுக் குறை என்று பதிந்துவிடுவார்கள், பிறகு எந்தக் காலத்திலும் எடுக்க மாட்டார்கள், சுகமாக்கிக்கொண்டு அடுத்த முறை போ என்றேன். அவள் போகவில்லை. அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் மாமியின் யோசனை. உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்து, "நீங்களே ஊத்துங்க மகன், எனக்குக் கை நடுங்குது," என்றார். நல்ல காதுக்கு எதற்கு எண்ணெய் என்று நான் எப்படிச் சொல்வது? மறுத்தால் காரணம் கேட்பார்கள். ஊற்றினேன், தினமும். ஒருநாள் சூடு கூடிவிட்டது. "சுடுதுங்க," என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுட்டால்தான் பலன் என்று சொல்லி மிச்சத்தையும் ஊற்றினேன்.

காதில் சீழ் வைத்தது, காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி மாமி அழுதார். அங்கே காதுச் சோதனை செய்வார்கள், முன்பு ஒரு குறையும் இருக்கவில்லை என்று எப்படியும் தெரிந்துவிடும். பார்மசியில் குளிசை வாங்கிக் கொடுத்தேன். மாமி அவசரக்காரர் என்பதால் அறைக் கதவைப் பூட்டித் திறப்பை என்னிடம் வைத்துக்கொண்டேன். அவள் வலியில் முனகியபோதெல்லாம் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தேன். அந்த அறையில் நானும்தான் அடைபட்டுக் கிடந்தேன், சேர். என் நிலைமையையும் பாருங்கள்.

கடைசியில் மாமி ஓட்டோவும் பிடித்து, அயலவர்களையும் கூட்டிவந்து கதவை உடைத்தார். டொக்டர் கேள்வி கேட்டார், பொலிஸிலிருந்து நீங்கள் வந்தீர்கள். எல்லாவற்றையும் செய்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கதவை உடைப்பதற்குச் சற்று முன்பு அவளுக்கு மறுபடி ஹெட்போனை மாட்டினேன். இம்முறை களவு எதுவும் செய்யவில்லை. இரு பக்கமும் நல்ல ஒலி, சத்தமும் முழு அளவில். கேட்கும் பக்கத்துக் கையை உயர்த்தச் சொன்னேன். இடக்கையை மட்டும் உயர்த்தினாள்.

ஆக, நான் அவளிடம் பொய் சொல்லவில்லை, சேர். கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.